மோட்டரை நிறுத்தியபோது இனித்த கிணறு: வேலணையில் மூன்று வருட வேலை

2022 இல் இலங்கையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த வருடம் மறக்காது. எனக்கு மறக்காததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கள் தோட்டக் கிணற்றின் இரண்டு அங்குல மண்ணெண்ணெய்ப் பம்ப் கிட்டத்தட்ட இரண்டு மாதம் சும்மா கிடந்தது. வெங்காயம் போனது. மிளகாய் பாதி போனது. ஆடிக் கடைசியில் ஒரு நாள் முகம் கழுவ அள்ளிய தண்ணீர் வாயில் பட்டபோது கரிக்கவில்லை. கோடை முற்றிய நேரம், ஒரு துளி மழை இல்லை, கிணறு தன்பாட்டில் நல்லதண்ணியாக மாறியிருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அவ ஆச்சரியப்படவே இல்லை. 1991 இல் எங்கள் வேலணைத் தீவை விட்டு இடம்பெயர்ந்து, பல வருடம் கழித்துத் திரும்பி வந்து முதல் வாளி அள்ளியபோதும் இப்படித்தான் இருந்ததாம். "ஆளில்லாத கிணறெல்லாம் இனிச்சது தம்பி. ஆள் வரத்தான் கரிச்சது."

அந்த ஒரு வசனத்தின் பின்னால் மூன்று வருடம் ஓடியிருக்கிறேன். என்ன செய்தேன், எது பிழைத்தது, எது சரி வந்தது என்பதை எழுதி வைக்கிறேன். புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு என்று எங்கே தோட்டம் செய்பவருக்கும் கிணற்றுக் கதை கிட்டத்தட்ட இதுதான்.

காணி ஆறு பரப்பு. (பதினாறு பரப்பு ஒரு ஏக்கர்.) நாலு பரப்பு மேட்டில் தோட்டம், இரண்டு பரப்பு பள்ளத்தில் வயல். வயலின் கீழ்க்கரையிலிருந்து, ஆழம் குறைந்த பரவைக்கடல் நடந்து போகும் தூரம்தான். கிணறு பத்தடி விட்டம், அப்பா காலத்தில் பதினாலடி ஆழம். 2016-17 வறட்சியில் ஊர்க்கிணறுகள் எல்லாம் அடி தெரிய வற்றியபோது நானும் எல்லாரையும் போல கம்பிரசர் பிடித்து, அடிப்பாறையை உடைத்து, இன்னும் ஐந்தடி இறக்கினேன். பக்கத்துக் காணி அப்பு வேலியில் கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டு நின்றார். "என்னடா தம்பி, கிண்டிக் கிண்டிக் கடலிட்டையே போகப் போறாய்?" என்றார். இரண்டு கிழமை தண்ணீர் பொங்கியது. மூன்றாம் கிழமை வெங்காயத்தாளின் நுனி காயத் தொடங்கியது.

போத்தலும் கயிறும்

மண்ணெண்ணெய் திரும்பக் கிடைக்கத் தொடங்கியதும் முதலில் செய்தது பம்பைப் போட்டதல்ல, ஒரு ஈசி மீட்டர் வாங்கியது. பேனா அளவில் இருக்கும், தண்ணீரில் விட்டால் மின்கடத்துதிறனைக் காட்டும். உப்புக் கூடக் கூட எண் கூடும். மழைத்தண்ணீர் கிட்டத்தட்ட பூச்சியம், கடல் 50 மில்லிசீமென்ஸ் வரை. சிலவற்றில் பிபிஎம் என்று வரும். அப்படி வந்தால் 500 ஆல் வகுத்தால் ஏறக்குறைய மில்லிசீமென்ஸ் கிடைக்கும்.

மேல் தண்ணீரை மட்டும் அளந்தால் ஒன்றும் தெரியாது. ஆழத்துக்கு ஆழம் எடுக்க வேண்டும். ஒரு சோடாப் போத்தலின் அடியில் கல்லைக் கட்டி, வாயை இறுக்காமல் தக்கையால் மூடி, தக்கைக்குத் தனிக்கயிறு போட்டேன். போத்தலை வேண்டிய ஆழத்துக்கு இறக்கிவிட்டுத் தக்கைக் கயிற்றைச் சுண்டினால் அந்த ஆழத்துத் தண்ணீர் மட்டும் உள்ளே போகும். மேலே இழுக்கும்போது கொஞ்சம் கலக்கத்தான் செய்யும், பரவாயில்லை. முதல் போத்தலின் தக்கை இறுகி, கயிறு அறுந்து, போத்தல் இன்னும் கிணற்றுக்குள்தான் கிடக்கிறது.

விடியற்காலை, பம்ப் போடுமுன் எடுத்த அளவு இது. தண்ணீர் நின்றது நிலத்திலிருந்து பத்தடியில். மேற்பரப்பில் 1.1 மில்லிசீமென்ஸ். பதின்மூன்றடியில் 1.9. நான் உடைத்து இறக்கிய குழியில், பதினெட்டடியில் 6.2. பிறகு பம்பை அரை மணித்தியாலம் ஓட்டினேன். குழாயிலிருந்து வந்த தண்ணீர் 3.6.

வெங்காயத்துக்கு இது என்ன செய்யும்? உலக உணவு விவசாய நிறுவனத்தின் அட்டவணைப்படி பாசனத் தண்ணீர் 0.8 ஐத் தாண்டினாலே வெங்காய விளைச்சல் இறங்கத் தொடங்கும். 1.8 இல் கால்வாசி போகும், 2.9 இல் பாதி போகும். நான் 3.6 ஐ அடித்துக்கொண்டு, உரம் சரியில்லை, விதை சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை பிடித்திருக்கிறேன்.

காரணம் எளிதானது. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போலத் தீவும் சுண்ணாம்புக்கல். ஆறு கிடையாது. மாரியில் பெய்யும் மழை பாறை வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழே ஏற்கெனவே இருக்கும் கடல்தண்ணீருக்கு மேல் மிதக்கிறது. நல்லதண்ணி எடை குறைவு, உப்புத்தண்ணி எடை கூட. நெதர்லாந்துக்காரரான கைபன் 1888 இலும், வட கடல் தீவுகளின் தண்ணீர்ப் பிரச்சினையைப் பார்த்த ஜெர்மானியரான ஹெர்ஸ்பேர்க் 1901 இலும் தனித்தனியே ஒரே கணக்குக்கு வந்தார்கள். கடல் மட்டத்துக்கு மேல் நல்லதண்ணி ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடிக்கு அது இருக்கும். கேட்கச் சந்தோஷமான கணக்கு. ஆனால் திருப்பிப் போட்டால் பயங்கரம்: மேலே ஓரடி குறைந்தால் கீழேயிருந்து உப்பு நாற்பதடி ஏறப் பார்க்கும். எங்கள் கிணற்றில் ஓரடி என்பது 2,200 லீட்டர். பழைய பம்ப் அரை மணித்தியாலத்தில் மூன்றடிக்கு மேல் இறக்கிவிடும்.

இதற்குள் கடலும் சும்மா இருக்கவில்லை. உலகக் கடல் மட்டம் 2006 இலிருந்து 2018 வரை வருடத்துக்கு 3.7 மில்லிமீட்டர் என்ற கணக்கில் ஏறியதாகக் காலநிலை மாற்றத்துக்கான அரசாங்கங்களுக்கிடையிலான குழுவின் அறிக்கை சொல்கிறது. தட்டையான தீவில் அது பரவைக்கடலின் ஓரத்தை உள்ளே தள்ளுகிறது. மழையும் ஒரே சீராக வருவதில்லை. 2008 இல் நிஷா, 2020 இல் புரெவி, 2024 இல் ஃபெங்கல் என்று புயலாக வந்து சில நாட்களில் கொட்டித் தீர்க்கிறது. கொட்டியது நிலத்துக்குள் இறங்க நேரமில்லாமல் கடலுக்குப் போகிறது. பிறகு நீளமான கோடை. கடலை நான் ஒன்றும் செய்ய முடியாது. கிணற்றுக்குள் என்ன போகிறது, கிணற்றிலிருந்து எப்படி எடுக்கிறேன் என்பவை மட்டும் என் கையில்.

அப்புவிடம் இந்த எண்களைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "உதுக்கு மீட்டர் வேணுமே? பாலாடை எடுக்கிற மாதிரி எடுக்கோணும். கலக்கினால் போச்சு." அவர் துலா மிதித்த காலத்து ஆள். ஒருவர் துலாவில் நடக்க, ஒருவர் பட்டையைப் பிடித்துக் கவிழ்க்க, ஒரு காலையில் எவ்வளவுதான் இறைக்க முடியும்? அந்த வேகத்துக்குக் கிணறு ஊறி ஈடுகொடுத்தது. மோட்டர் வந்து எல்லாம் பிழையாய்ப் போனது என்று சொல்லவில்லை, துலாவுக்குத் திரும்பு என்றும் சொல்லவில்லை. துலாவின் வேகத்தில் ஓடும் மோட்டர் வேண்டும், அவ்வளவுதான்.

ஐந்தடியைத் திருப்பி மூடியது

2023 ஆவணியில், தண்ணீர் மிகக் குறைந்திருந்த நேரத்தில், காசு கொடுத்து உடைத்த ஐந்தடியைக் காசு கொடுத்து மூடினேன். மேசன் அண்ணை முதலில் நம்பவில்லை. "ஊரெல்லாம் கிணறு தாழ்க்கச் சொல்லிக் கூப்பிடுகினம், நீங்கள் மூடச் சொல்லுறியள்" என்று சிரித்தார்.

முதல் மூன்றடிக்கு உடைந்த சுண்ணாம்புக்கல்லைப் போட்டோம். அதற்கு மேல் களிமண் அடைப்பு. இங்கேதான் முதல் தவறு. களியை அப்படியே தண்ணீருக்குள் கொட்டச் சொன்னேன். கிணறு பால்தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது, களி ஒரு அங்குலம்கூடப் படியவில்லை. தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டுச் செய்யலாம் என்றால், அப்படி இறைப்பதே கீழிருந்து உப்பை இழுத்து வரும். கடைசியில் மேசன் அண்ணைதான் வழி சொன்னார். களியைப் புட்டுக்கு மா குழைக்கிற பதத்தைவிடக் கொஞ்சம் இறுக்கமாகக் குழைத்து, வெறும் உரப்பைகளில் முக்கால்வாசி நிரப்பி, வாயைத் தைத்து, செங்கல் அடுக்குவதுபோல அடியில் அடுக்கினோம். பை மேல் பை, மூட்டு மேல் மூட்டு வராமல் இரண்டு வரிசை. இறங்கி நின்று காலால் மிதித்து இறுக்கினோம். ஓரங்களில் சிறு பைகளைத் திணித்தோம். மேலே தட்டைக் கற்கள். நாலு ஆள் நாள் போனது, அறுபதுக்கு மேல் பை போனது.

உரப்பை என்றால் உள்ளே ஒட்டியிருக்கும் யூரியா மணிகளும் கிணற்றுக்குள் போகும். நைத்திரேற்று ஏற்கெனவே யாழ்ப்பாணக் கிணறுகளின் தலையிடி. மூன்று தரம் கழுவி வெயிலில் காயவிட்டபிறகுதான் பைகளை எடுத்தோம். அரிசிப்பை கிடைத்தால் இன்னும் நல்லது.

தண்ணீர் தெளிய ஐந்து கிழமை எடுத்தது. அதுவரை வீட்டில் ஏச்சு. சுண்ணாம்புப் பாறையில் வெடிப்பு எல்லாப் பக்கமும் ஓடும், அதனால் இந்த அடைப்பு முழு மூடியல்ல. உப்பு நேராக மேலே வரும் பெரிய வாசலைச் சாத்தியிருக்கிறோம், யன்னல்கள் இருக்கின்றன.

அடுத்து பக்கவாட்டில் ஒரு வாய்க்கால் தோண்டிப் பார்த்தேன். பசிபிக் நாடான கிரிபாட்டியின் தராவா தீவில் கிணற்றை ஆழமாக்காமல், ஆழம் குறைந்த குழாய்களை நிலத்தடியில் கிடையாகப் புதைத்து, மேல் தண்ணீரை மட்டும் பல இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறார்கள். அருமையான யோசனை. ஆனால் அவர்களுடையது பவளமணல், எங்களுடையது கல். மூன்றடியில் பாறை வந்தது. எட்டடி நீளம் தோண்டிய பிறகு அலவாங்கும் நானும் களைத்துவிட்டோம். கையால் பாறை வெட்டப் பணம் உள்ளவர் செய்யட்டும். தோண்டிய பள்ளம் வீணாகவில்லை. வீட்டுக்கூரைப் பீலியை எஸ்லோன் (பிவிசி) குழாயால் அதற்கு இணைத்து, கீழே பெரிய கல், அதற்கு மேல் சல்லி, அதற்கு மேல் மணல் போட்டு, மழைத்தண்ணீர் ஊறும் குழியாக்கினேன். 900 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிந்தியது சிதறியது போக 7,000 லீட்டர் வரும். கூரைத் தண்ணீரை நேரே கிணற்றுக்குள் விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். காகத்தின் எச்சமும் சருகும் சேர்ந்தே போகும், வேண்டாம். முதல் மழையை வெளியே திருப்பிவிட ஒரு மூடி வைத்தேன். அதை மூட மறந்து மார்கழியில் பாதித் தண்ணீரை ரோட்டுக்கு விட்டதும் நான்தான்.

மிதக்கும் பம்ப்

பழைய பம்பைக் கழற்றிவிட்டு, சூரிய மின்தகட்டில் ஓடும் சின்ன நீர்மூழ்கிப் பம்ப் ஒன்றைப் போட்டேன். நிமிடத்துக்கு 12 லீட்டர்தான். பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை ஓடினால் 2,880 லீட்டர். இரண்டு பரப்பு வெங்காயத்துக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் கணக்கில் 2,500 லீட்டர் போதும். கிணறு ஒரு அடிகூட இறங்குவதில்லை, மாலைக்குள் திரும்ப ஊறிவிடுகிறது.

பம்பை அடியில் விடாமல் மேலே மிதக்க விடவேண்டும். மூடி இறுகிய இரண்டு இருபது லீட்டர்க் கலன்களை நைலோன் கயிற்றால் கட்டி, நடுவில் பம்ப் ஓரடி ஆழத்தில் தொங்கும்படி செய்தேன். தண்ணீர் இறங்கினால் பம்பும் இறங்கும், எப்போதும் அப்பு சொன்ன பாலாடையை மட்டும் எடுக்கும். முதல் கிழமையே கலன்கள் சுழன்று குழாய் முறுக்கி ஒடிந்தது. கிணற்றுக் கட்டிலிருந்து எதிரெதிராக இரண்டு கயிறு இழுத்துக் கட்டிய பிறகு சுழலவில்லை.

சொட்டுநீர்க் குழாயும் போட்டேன். அதில் இரண்டு பாடம், இரண்டாவதை இங்கே ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

முதலாவது, சுண்ணாம்பு. எங்கள் தண்ணீர் கேத்திலில் வெள்ளையாகப் படிவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதே வெள்ளை சொட்டியின் துளையிலும் படியும். ஆறாவது கிழமை மூன்றில் ஒரு சொட்டி அடைத்துவிட்டது. கழற்றி இரவு முழுக்க வினாகிரியில் போட்டு ஊதினால் திறக்கும். இப்போது கழற்றக்கூடிய சொட்டிகள் மட்டும்தான் வாங்குகிறேன். ஒட்டி வருகிறவை மலிவு, ஆனால் அடைத்தால் எறிய வேண்டியதுதான்.

இரண்டாவது, உப்பு எங்கே போகிறது என்பது. தண்ணீரைச் செடி குடிக்கும், வெயில் குடிக்கும். உப்பை ஒருவரும் குடிப்பதில்லை. 1.5 மில்லிசீமென்ஸ் தண்ணீர் ஆயிரம் லீட்டரில் ஏறக்குறைய ஒரு கிலோ கரைந்த உப்புகள் இருக்கும். சுண்ணாம்பும் அதில் சேர்த்தி. ஒரு நாளைக்கு 2,500 லீட்டர், அறுபது நாள் என்றால் கிட்டத்தட்ட மூன்று மூட்டை உப்பை நானே தோட்டத்தில் தூவியிருக்கிறேன். சொட்டுநீரில் அது ஈரத்தின் விளிம்பில் வளையமாகச் சேரும். பாத்தியைக் குனிந்து பார்த்தால் வெள்ளைக் கோடு தெரியும். நடுவில் வேர் சுகமாக இருக்கும்.

2024 சித்திரையில் கோடைமழை ஒன்று வந்தது, பதினைந்து நிமிடத் தூறல். எல்லாரையும் போல மழை வருகிறதே என்று பம்பை நிறுத்தினேன். மூன்றாம் நாள் மிளகாய்க் கன்றுகள் வாடித் தொங்கின. அந்தக் குறை மழை விளிம்பில் இருந்த உப்பைக் கரைத்து வேருக்குள் தள்ளிவிட்டது. அதை வெளியே கொண்டுபோக மழைக்குப் பலம் போதவில்லை. சவர்த்தண்ணியில் சொட்டுநீர் செய்பவர் சிறு மழையில் பம்பை நிறுத்தக் கூடாது, ஓடவிட வேண்டும். மழைக்குள் தண்ணீர் விடுகிற என்னைப் பார்த்து ரோட்டால் போனவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

துரவு

வீட்டுக்கும் வயலுக்கும் இடையில் ஒரு பழைய துரவு, மழைத்தண்ணீர் தேங்கும் சின்னக் குளம். முப்பதடிக்கு இருபத்தைந்தடி. முப்பது வருடக் குப்பை, பிளாஸ்டிக், தாழை. குடாநாட்டிலும் தீவுகளிலும் ஆயிரத்துக்கு மேல் குளங்கள் இருக்கின்றன. துரவு, கேணி, குட்டை அந்தக் கணக்கிலேயே வராது. மாரித்தண்ணீர் அவற்றில் நின்று மெல்ல இறங்கித்தான் கிணறுகள் ஊறின.

2024 ஆனியில் மண் அள்ளும் சின்னப் பெக்கோ இயந்திரம் ஒன்றைப் பிடித்தேன். ஓட்டிய தம்பி நல்ல கைகாரன், ஆழமாகப் போகத்தான் ஆசை. நான் மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். ஒவ்வொரு அடிக்கும் மண்ணில் ஒரு பங்கு, மழைத்தண்ணீர் ஐந்து பங்கு கலக்கி, தெளியவிட்டு அளந்தேன். மேல் வண்டல் 0.3, தோட்டத்துக்குத் தங்கம். கீழே வந்த கறுப்புச் சேறு 2.6. அதைத் தோட்டத்தில் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும், கடல் பக்க வரம்புக்கு அனுப்பினேன். சாம்பல் நிறக் களி தெரிந்ததும் நிறுத்தச் சொன்னேன். அந்தக் களிதான் துரவின் பாத்திரம். அதை உடைத்தால் தண்ணீர் நிற்காது, கீழே உப்புக்கும் வழி திறக்கும்.

சராசரி நாலடி நிறைந்தால் 85,000 லீட்டர். பெரிதாகத் தெரிகிறது, ஆனால் இரண்டு பரப்பு வெங்காயத்துக்கு அது ஒரு மாதத் தண்ணீர். அதிலும் வெயில் நாளுக்கு அரைச் சென்ரிமீட்டர் குடிக்கும். அதனால்தான் வரிசையை மாற்றினேன். முன்பெல்லாம் தையிலேயே கிணற்றைத் தொடுவேன், துரவு சும்மா காயும். இப்போது தை, மாசியில் துரவுத் தண்ணீர், எப்படியும் ஆவியாகப் போவதை முதலில் செலவழி. கிணறு பங்குனி வரை ஆறட்டும்.

வரம்பும் ரப்பர் வாயும்

பள்ளத்து வயலில் கார்த்திகை, மார்கழியில் பரவைக்கடல் எகிறி வந்துவிடும். கறுப்புச் சேற்றைக் கொண்டு கடல் பக்க வரம்பை இரண்டடி உயர்த்தினேன், மேலே பனங்கொட்டை ஊன்றினேன். ஆனால் வயலில் நிற்கும் மழைத்தண்ணீர் வெளியே போகவும் வேண்டுமே. ஆறு அங்குல எஸ்லோன் குழாயை வரம்புக்குள் வைத்து, கடல் பக்க வாயில் ஒரு ரப்பர் நாக்குத் தொங்கவிட்டேன். வயல் தண்ணீர் உயர்ந்தால் நாக்குத் திறக்கும், கடல் உயர்ந்தால் தானே சாத்திக்கொள்ளும். சைக்கிள் ரியூப் ரப்பர் மெல்லிசு, வெயிலில் சுருண்டது. லொறி ரயருக்குள் ரியூபுக்கும் ரிம்முக்கும் நடுவில் போடும் தடித்த ரப்பர்ப் பட்டிதான் சரியான சாமான்.

ஃபெங்கல் வந்த கிழமை, 2024 நவம்பர் கடைசி. இரவு முழுக்க மழை, காற்று. விடிய டோர்ச்சுடன் போய்ப் பார்த்தால் நாக்குக்கு நடுவில் சாதாளை (கரையொதுங்கும் கடற்புல்) ஒரு கட்டுச் சிக்கி, வாய் நாலு விரல் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. வயலில் நின்ற தண்ணீரை அளந்தேன், 9. நெல்லுக்கு 3 க்கு மேலேயே பிரச்சினை.

நல்லவேளை மழை விடவில்லை. வாயை அடைத்து, துரவின் வழிநீரை வயலுக்குத் திருப்பி, கடல் வற்றும் நேரம் பார்த்துத் திறந்து வடித்தேன். இப்படி மூன்று தரம். 9 ஐந்தானது, ஐந்து 2.4 ஆனது. அந்த வருடம் பாதியில் எங்கள் பழைய நெல்லினமான மொட்டைக்கறுப்பனும் பாதியில் ஏ.ரி. 354 உம் விதைத்திருந்தேன். இரண்டாவது உப்புத் தாங்கும் கேரளத்துப் பொக்காளியின் வழிவந்த இலங்கை இனம். கீழ்மூலையில் இரண்டுமே கருகின. மற்ற இடத்தில் ஏ.ரி. 354 நெல் கூடத் தந்தது. மொட்டைக்கறுப்பன் நெல் குறைவு, வைக்கோல் நிறைய. மாட்டுக்காரனுக்கு அதுவும் கணக்குத்தான். சோறு என்று பார்த்தால் எங்கள் வீட்டில் மொட்டைக்கறுப்பனுக்குத்தான் ஓட்டு.

இப்போது குழாய் வாய்க்கு முன்னால் கம்பிவலைக் கூடு வைத்திருக்கிறேன். சிக்கும் சாதாளையை அள்ளி, மழையில் ஒரு மாரி ஊறவிட்டு உப்புப் போன பிறகு தென்னைக்குப் போடுகிறோம். அது இங்கே பழைய வழக்கம்.

தோட்டத்தில் மாறியது

வெங்காயம் தையில் நட்டு பங்குனியில் கிண்டிவிடுவது, அதோடு சரி. கோடை வெங்காயத்தை விட்டுவிட்டேன், விலை எவ்வளவு ஏறினாலும். சித்திரைக்குப் பிறகு பீற்றூட், கௌபி. பீற்றூட்டுக்குத் தண்ணீர் 2.7 வரை போனாலும் விளைச்சல் குறையாது, கௌபி அதைவிடவும் தாங்கும். தக்காளி நடுவில் நிற்கிறது. போஞ்சியைத் தீவில் கோடையில் நடுபவர் என் அனுதாபத்துக்குரியவர்.

ஆவணியில் பாத்திக்குக் கீழே பனையோலை தாழ்ப்பதைத் திரும்பத் தொடங்கினேன். அப்பா புகையிலைக்குச் செய்தது. ஓலை உக்கி மண்ணைப் பொலுபொலுப்பாக்கும், முதல் மாரி உப்பைக் கீழே கழுவிக்கொண்டு போக வழி கிடைக்கும். தென்மேற்கில் பூவரசங் கதியாலும் பனையோலை வேலியும். சோளகம் அடிக்கும் மாதங்களில் காற்றோடு வரும் உப்புத்தூவலில் இலை நுனி பொசுங்குவது பாதியாகக் குறைந்திருக்கிறது. நெடுந்தீவில் பவளக்கல்லை அடுக்கி வேலி கட்டியிருப்பதைப் பார்க்கும்போது பொறாமையாக இருக்கும். ஓலை இரண்டு வருடத்துக்கு மேல் நிற்காது.

கணக்குக்கு வருகிறேன். 2025 ஆவணிக் கடைசி, விடியற்காலை, அதே போத்தல் வேலை. மேற்பரப்பு 1.3. அடைப்புக்கு மேல், பதின்மூன்றடியில் 1.8. நாலு மணித்தியாலம் பம்ப் ஓடிய பிறகு குழாய்த் தண்ணீர் 1.4. வெங்காயத்துக்கு இன்னும் கூடத்தான். ஆனால் 3.6 இல்லை. வருமானம் பெரிதாகக் கூடவில்லை, கோடை வெங்காயக் காசு போனது போனதுதான். மண்ணெண்ணெய்ச் செலவும் போய்விட்டதால் கையில் நிற்பது முன்னையதைவிடக் கொஞ்சம் கூட.

தீராத விஷயம் ஒன்று இருக்கிறது. மேற்குப் பக்கத்துக் காணியை வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் வாங்கி வீடு கட்டுகிறார்கள். அங்கே குழாய்க்கிணறு அடிக்கப் போவதாகக் கதை. நிலத்துக்குக் கீழே வேலி கிடையாது, அவர்கள் ஆழத்தில் உறிஞ்சினால் என் அடைப்பு எதற்கு? போன ஞாயிறு போத்தலையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர்களுடைய பழைய கிணற்றில் ஐந்து ஆழத்தில் எடுத்து, ஐந்து கோப்பையில் வரிசையாக வைத்துக் குடித்துப் பார்க்கச் சொன்னேன். நாலாவது கோப்பையில் அந்த அண்ணை துப்பிவிட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்று ஐப்பசி முதல் கிழமை. காற்று வாடைக்குத் திரும்பத் தொடங்கிவிட்டது. பீலி நிறைய வேப்பஞ்சருகு கிடக்கிறது, ஏணியை மேசன் அண்ணை கொண்டுபோனவர் இன்னும் தரவில்லை. போய் வாங்கி வரவேண்டும்.